வில்சன் விரித்த குழாய்

அருள்செல்வி வீட்டு ஹாலில் ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஹெல்மெட் தொங்குகிறது. ஆண்டவருக்குச் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. ஹெல்மெட்டுக்கு அதைவிடப் பெரிய வெள்ளை பல்பு. மாட்டியவர் அவள் வீட்டுக்காரர் வில்சன். வளைகுடாவில் நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் இருபது வருசத்துக்கு மேல் கிடந்துவிட்டு, இப்போது ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டவர். அந்த ஹெல்மெட்டைப் பற்றி விசாரிக்காமல் அந்த வீட்டில் ஒருவரும் காபி குடித்துவிட்டுப் போக முடியாது. விசாரிக்காவிட்டால் அவரே ஆரம்பித்துவிடுவார்.

“இது சும்மா தொப்பி இல்ல, பாத்துக்கிடுங்க. கடலுக்கு அடியில ரெண்டு மைல் ஆழத்துல இரும்புக் குழாயை விரிச்ச தொப்பி!”

தொப்பி எப்படி ஐயா குழாயை விரிக்கும் என்று கேட்க வந்தவர்களுக்கு வாய் வராது. டம்ளரை எடுக்க வருகிற அருள்செல்வி மட்டும் உதட்டைப் பிதுக்குவாள். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கத் தெரியாத பிரசங்கம் என்று அதற்கு அவள் பெயர் வைத்திருந்தாள்.

வில்சன் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அப்பா போலீஸ் ஏட்டு. அண்ணன்மார் இரண்டு பேரும் பட்டாளத்துக்குப் போனார்கள். இவரைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். இரண்டாம் வருசத்தோடு நின்றுவிட்டார். நின்றாரா, நிறுத்தினார்களா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். பம்பாயில் இருந்த சித்தப்பா மகன் கையைப் பிடித்து ரிக்கில் ஏற்றிவிட்டான். முதலில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அப்புறம் கேசிங் குழாய் இறக்குகிற கூட்டத்தில் ஒரு ஆள். பெண் கேட்டு வந்தபோது அதுவே “இன்ஜினியர் மாதிரி” ஆகிவிட்டது. மாதிரியையெல்லாம் நம்பிப் பெண் கொடுத்த அப்பாவை அருள்செல்வி இன்றைக்கு வரை முழுசாக மன்னிக்கவில்லை.

அந்த அப்பா அவளுக்குச் சீராகக் கொடுத்தது வத்திராயிருப்புக்கு மேற்கே, பிளவக்கல் போகிற பாதையில் ஒரு துண்டு நிலம். கல்லும் கருவேலமுமாகக் கிடந்தது. வில்சன் கடலில் மிதந்த காலமெல்லாம் இவள் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, சுந்தரபாண்டியம் வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கல் பொறுக்கி, முள் வெட்டி, தென்னங்கன்று வைத்தாள். போர் போட்டதும் அவள்தான். முதல் இரண்டு போரிலும் புழுதிதான் பறந்தது. மூன்றாவதில், நாலரை இஞ்ச் ஓட்டையில், தண்ணீர் பீச்சியடித்தது. சேலையோடு நனைந்துகொண்டு நின்று அழுதாள். அந்த ஈரத்தோடேயே அவருக்குப் போன் போட்டாள்.

“நாலரை இஞ்சா?” என்று அங்கிருந்து சிரித்தார். “இங்க நாங்க கை கழுவுற குழாயே அதைவிடப் பெருசுட்டி!”

இந்தச் சிரிப்பை ஒரு பொம்பளை மறப்பாளா? அவள் மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் தோப்பை அவர் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால், மண்வெட்டியை எடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தபடி தோப்புக்கு யோசனை சொன்னார். சொட்டுநீர்க் குழாயை இப்படிப் போட்டிருக்கக் கூடாது, அப்படிப் போட்டிருக்கணும். பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமி இன்னும் கிணற்றுத் தண்ணீரை வைத்துப் பிழைக்கிறவர், அவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “கெணறெல்லாம் ஆதாம் காலத்துச் சமாச்சாரம், அண்ணாச்சி. மண்ணைப் போட்டுத் தூத்து மூடிருங்க” என்றார். நல்ல மனுசன், சிரித்துவிட்டுப் போனார். அருள்செல்வி எதையாவது சொல்ல வாயைத் திறந்தால் போதும், “ஒனக்கென்னட்டி தெரியும்?” தயாராக இருக்கும். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்கள். இவருக்கு வாயும் சர்க்கரை இல்லை.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் மைக் வைத்து ஏலம் போகும். அருள்செல்வி தன் தோப்பிலிருந்து ஒரு குலை தேங்காய் படைத்திருந்தாள். அது ஏலத்துக்கு வந்ததும் வில்சன் மேடை ஏறி மைக்கை வாங்கிக்கொண்டார். தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா? இல்லை. கேசிங்!

“எண்ணெய்க் கெணறுன்னா ஒரே ஓட்டையா நேராப் போயிராது. கொஞ்சம் தோண்டணும், மண்ணு சரியாம இருக்க இரும்புக் குழாய் இறக்கணும். அதான் கேசிங். பொறவு அந்தக் குழாய்க்குள்ள விட்டுத்தான் மேக்கொண்டு தோண்டணும். அப்ப அடுத்த குழாய் அதைவிடச் சின்னதாத்தான போகும்? அதுக்குள்ள இன்னும் சின்னது. போகப் போகக் குறுகிக்கிட்டே போயி, எண்ணெய் கிட்ட வரும்போது வாயி இம்புட்டூண்டு ஆயிரும். அதுக்குத்தான் விரியுற கேசிங். சின்னதா உள்ள போகும். போயி நின்ன எடத்துல, உள்ளுக்குள்ள ஒரு இரும்புக் கூம்பை இழுத்து விரிச்சிருவோம். பாறையோட போயி ஒட்டிக்கிடும். ஓட்டையும் குறுகாது, மண்ணும் சரியாது. இதை விரிக்கிறதுக்கு உலகத்துலயே எண்ணி எடுத்தாப்புலதான் ஆள் இருக்கு. அதுல ஒருத்தன் நம்ம ஊர்க்காரன்!”

ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்து பிரியாணி என்பதால் எதற்கும் கைதட்டுகிற நேரம் அது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அருள்செல்விக்குக் காது கூசியது. “பெரிய இவரு” என்று முந்தானைக்குள் முணுமுணுத்தாள்.

வெயில் ஏற ஆரம்பித்த பங்குனியில் போர் படுத்துவிட்டது. மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. வத்திராயிருப்பில் போர்லாரி வைத்திருக்கிற சங்கிலிப்பாண்டி வந்து, மோட்டாரைப் படாதபாடு பட்டு உருவியெடுத்து, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தான். பாறைக்கு நடுவே நாற்பதடி உயரத்துக்கு ஒரு உடைசல் அடுக்கு. அதிலிருந்து கல் பொலபொலவென்று உதிர்ந்து மோட்டார் தலையில் விழுகிறது.

“இதுக்குள்ள இன்னொரு குழாயை இறக்கி அடைக்கலாம், அக்கா,” என்றான். “ஆனா போரே நாலரை இஞ்ச். குழாய் போட்டா வாய் குறுகிரும், மோட்டார் எறங்காது. இதை விட்டுட்டு வேற எடத்துல ஒண்ணு போட்டுப் பாக்கலாம்.”

வேறு இடத்தில் போட்டால் என்ன வரும் என்பது அருள்செல்விக்குத் தெரியும். புழுதி வரும். இந்த ஒரு ஓட்டைதான் அந்த நிலத்தின் உயிர். சித்திரை, வைகாசி வெயிலைத் தண்ணீர் இல்லாமல் அந்த மரங்கள் தாங்காது. அவள் பெற்றது ஒரு மகள்; வளர்த்தது அந்த மரங்களும் சேர்த்து.

வில்சனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது! அட கர்த்தாவே, வீடு பற்றி எரியும்போது தீயணைக்கிறவன் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்ட மாதிரி எழுந்து நின்றார். “வாய் குறுகிரும்ங்கான் பாத்தியா? இதுதான் செல்வி, இதேதான்! இதுக்குத்தான் உலகமே விரியுற கேசிங் கண்டுபிடிச்சிருக்கு. நான் விரிக்கேன்.”

சங்கிலிப்பாண்டி தலையைச் சொறிந்தான். “அண்ணாச்சி, இரும்பை உள்ள வச்சு அது ஏடாகூடமாப் போச்சுன்னா, பொறவு எவனாலயும் இந்தப் போரைத் தோண்ட முடியாது. என் டிரில் பிட்டு கல்லைத்தான் கடிக்கும், இரும்பைக் கடிக்காது.”

“ஏலே, நீ கடலைப் பாத்திருக்கியா?” என்றார் வில்சன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இராஜபாளையத்தில் சோலைராஜ் என்பவரின் லேத் பட்டறையில் வேலை நடந்தது. மெல்லிசான, வளைந்து கொடுக்கிற இரும்புக் குழாய் வாங்கியாயிற்று. கூம்பைக் கடைந்தாயிற்று. முதலில் ஒரு ஒத்திகை பார்க்கவேண்டும் என்று ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றுக்குள் கூம்பை இழுத்தார்கள். அருள்செல்வியும் போயிருந்தாள். தோப்பு அவளுடையதாயிற்றே. சோலைராஜ் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேலையாட்கள் இரண்டு பேரும் வில்சனும் மெஷினைச் சூழ்ந்து நின்றார்கள். அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

குழாய் க்ரீச்சென்று கத்திக்கொண்டே விரிந்தது. பிளக்கவில்லை, கீறவில்லை. நிஜமாகவே விரிந்தது. இதைச் சொல்லாவிட்டால் பாவம். வில்சன் குழாயின் வாயில் அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, “பாத்தீங்களாலே! எண்ணி வச்சாப்புல!” என்று குதித்தார். வேலையாட்கள் தெலுங்கில் “பாகுந்தி சார், பாகுந்தி” என்று மெச்சினார்கள். எல்லாருக்கும் கண் குழாயின் வாய்மேல்தான். விரித்த துண்டைத் தூக்கிக் கொண்டுவந்து, விரிக்காத துண்டுக்குப் பக்கத்தில், அருள்செல்வியின் காலடியில் போட்டார்கள்.

அவள் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளமாக வெட்டியதுதானே? விரித்தது அரைச் சாண் கட்டையாகக் கிடந்தது.

இதைப் புரிந்துகொள்ள அவள் ரிக்குக்குப் போகவேண்டியதில்லை. துவைத்த பனியனை அகலத்துக்கு இழுத்தால் நீளம் குறையாதா? ஊர் திரும்பி இந்த மனுசனுக்குத் தொப்பை வைத்த நாளிலிருந்து பனியன் தொப்புளுக்கு மேலே ஏறிக் கிடப்பதை அவள் தினமும் பார்க்கிறாளே! இந்தச் சின்னத் துண்டே அரைச் சாண் குறைகிறது என்றால், நாற்பதடிக் குழாய் முழம் கணக்கில் குறையும். ஆனால் இவரோ உடைசல் அடுக்கை அளந்து, மேலே ஒரு சாண் கீழே ஒரு சாண் மட்டும் கூட்டிக் குழாயை வெட்டச் சொல்லியிருந்தார். கேட்டால், “ரிக்குல ஒரு இஞ்சைக்கூட வீணாக்க மாட்டோம்” என்று பெருமை வேறு. குழாயின் அடி முதலில் விரிந்து பாறையைக் கவ்விக்கொள்ளும். அப்படியானால் குறைகிறதெல்லாம் தலைப்பக்கம்தான் குறையும். அங்கே உடைசல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கல் விழும்.

“இங்க பாருங்க,” என்று எழுந்தாள். “இந்தக் கொழாய்…”

“ஏட்டி, செத்த சும்மா இரு,” என்றார் வில்சன், திரும்பிக்கூடப் பார்க்காமல். “இது என்ன புளிக்கொழம்பா, நீ உப்புப் பாத்துச் சொல்ல?”

வேலையாட்கள் சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

அருள்செல்வி உட்கார்ந்தாள். முகம் காந்தியது. பட்டறை என்றும் பாராமல் ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். சோற்றைப் போட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி, கிடக்கட்டும் என்று இருந்துவிட்டாள். மைக்கில் பேசின வாய்தானே, அதே ஜனத்துக்கு முன்னால் அது பல்லிளிக்கட்டும். கை கழுவுகிற குழாய் என்று சிரித்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும். அதைக் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் காட்டியிருப்பாள்!

குழாய் இறக்குகிற நாளில் வில்சன் சர்ச்சையே தோப்புக்குக் கூட்டிவந்துவிட்டார். வேலை முடியுமுன்பே, நன்றி சொல்கிற ஸ்தோத்திர ஜெபம். எந்த ஊரிலாவது பிள்ளை பிறக்குமுன் ஞானஸ்நானம் உண்டா? இவருக்கு உண்டு. பாஸ்டரய்யா போர்க்குழியைப் பார்த்தபடி, பாறையைப் பிளந்து ஜனத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஆண்டவரைத் துதித்து நீளமாக ஜெபித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்டிச்சாமியும் அவர் சம்சாரம் வெள்ளத்தாயும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹெல்மெட் இல்லாமலா? அது அன்றைக்குத் தலையில் இருந்தது.

சங்கிலிப்பாண்டியின் லாரி குழாயை இறக்கியது. கூம்பை இழுத்தது. வயர்ரோப் விண்ணென்று முறுக்கி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கூம்பு முழுசாக வெளியே வந்து வெயிலில் பளபளத்தபோது ஜனம் “அல்லேலூயா” என்றது. மோட்டாரை இறக்கினார்கள். தங்குதடை இல்லாமல் போனது. சுவிட்சைப் போட்டார்கள். முதலில் காற்று, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். நல்ல தண்ணீர். பாஸ்டரய்யா வில்சனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அருள்செல்விக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒருவேளை தான் நினைத்தது தப்போ? தப்பாக இருந்தால் மரம் பிழைக்கும், நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அந்தப் பொன்னாடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் பாய்கிற வாய்க்காலில் நின்றுகொண்டே அவளுக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச நாள் தண்ணீர் வந்தது. அவள் தினமும் மோட்டார் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். ஒரு நாள் மத்தியானம் தண்ணீரோடு பொடிக்கல் நாலைந்து வந்து விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாள். அதே உடைசல் கல். மேலே வாய் திறந்துதான் கிடக்கிறது, சந்தேகமே இல்லை. அப்போதும் ஒன்றும் முழுகிவிடவில்லை. சங்கிலிப்பாண்டியின் லாரி இரண்டு தோட்டம் தள்ளித்தான் நின்றது. மோட்டாரை உடனே தூக்கிவிட்டு, மேலே ஒரு சின்னத் துண்டை இறக்கி விரித்தால் தீர்ந்தது.

வில்சன் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அன்றைக்கு என்னவோ நல்ல மனநிலை. இளநீர் ஒன்றைத் தன் கையாலேயே சீவிக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்குச் சீவிக் கொடுத்த முதல் இளநீர்.

“எப்படி செல்வி?” என்றார். “நீதான் ஒண்ணுமே சொல்லல. எல்லாம் சரியாத்தான இருக்கு? ஒனக்கு என்ன தோணுது?”

இருபது வருசத்துக்கு மேல் காத்திருந்த கேள்வி அல்லவா அது? உள்ளங்கைக்குள் அந்தக் கல் இருந்தது. கையை விரித்துக் காட்டினால் போதும். இளநீரை வாங்கிக்கொண்டாள்.

“எனக்கென்ன தெரியும்?” என்றாள்.

சொல்லும்போது கரும்பாக இனித்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க இன்னும் இனித்தது. அந்த இளநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அந்த வாரம் முடியுமுன் மோட்டார் ஒரு மாதிரி முனகியது, நின்றது. சங்கிலிப்பாண்டி வந்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்ததில் கயிறு அறுந்தது. கேமரா விட்டுப் பார்த்தால், விரிந்ததில் குழாய் கட்டையாகி, அதற்கு மேலே விட்ட இடைவெளியில் உடைசல் மொத்தமாக இடிந்து, மோட்டாரின் மேல் விழுந்து கல்லறை கட்டியிருந்தது. குடைந்து எடுக்கலாம் என்றால் சுற்றிலும் இரும்பு. அவன் லாரியின் மேல் சாய்ந்து நின்று பீடி பற்றவைத்தான். அவ்வளவுதான் என்பதை அந்தப் பீடியிலிருந்தே அருள்செல்வி தெரிந்துகொண்டாள்.

லாரி போனபிறகு தோப்பில் அவர்கள் இரண்டு பேர்தான். வில்சன் போர்க்குழிப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. போய்ப் பார்த்தால் மனுசன் அழுகிறார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. அவர் அம்மா செத்ததற்குக்கூடக் கடலிலிருந்து போனில்தான் அழுதார்.

“நான் பாத்ததே இல்ல, செல்வி,” என்றார்.

“எதை?”

“விரிக்கிறதை. குழாயைத் தொடச்சு, அடுக்கி, எறக்கிக் குடுக்கிறவரைக்கும்தான் எங்க வேலை. விரிக்கிற நேரம் அழுத்தம் ஏறும், தெறிச்சா ஆள் காலி. வேண்டாத ஆளெல்லாம் தளத்தை விட்டுப் போயிருங்கன்னு மைக்குல சொல்லுவான். நான் வேண்டாத ஆளு. கேபின்ல போயி டீ குடிச்சுக்கிட்டு இருப்பேன். கூப்பிடுவான், வந்து பாத்தா விரிஞ்சிருக்கும். அம்புட்டுதான். இத்தனை வருசமும் அம்புட்டுதான்.” மூக்கைத் துண்டில் துடைத்தார். “விரிஞ்சா கட்டையாகும்னு எனக்கு எப்படித் தெரியும்? எவனாவது ஒருத்தன் சொல்லியிருந்தா…”

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். கேபினில் டீ குடித்தவருக்கா ஹாலில் பல்பு! ஒரு மாசத்துக்கு முன்னால் இது அவள் காதில் விழுந்திருந்தால் வத்திராயிருப்புச் சந்தை வரைக்கும் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது மரத்தைப் பார்த்தாள். அடிமட்டை ஒன்றிரண்டு அப்போதே தொங்க ஆரம்பித்திருந்தது. கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல்.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

“பட்டறையிலயே தெரியும். ரெண்டு துண்டையும் என் காலடியிலதான போட்டாங்க? ஒண்ணு கட்டையாக் கெடந்துச்சு.”

“மோட்டார் எறக்கும்போது?”

“அப்பவும் தெரியும்.”

“நான் எளநி குடுத்துக் கேட்டேனே…”

“அப்ப கல்லு என் கையிலயே இருந்துச்சு.”

அவர் கத்துவார் என்று நின்றாள். கத்தட்டும் என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்: புளிக்குழம்பு, கை கழுவுகிற குழாய், ஒனக்கென்ன தெரியும், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரங்களுக்கு ஊடே வேலி வரைக்கும் நடந்து போய் நின்றார். அடுக்கி வைத்த பதில் எல்லாம் அவளிடமே தங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஆண்டிச்சாமியும் வெள்ளத்தாயும் வேலியைத் தாண்டி வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரிதான் வந்தார்கள். ஆண்டிச்சாமி மரங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“என் கெணத்துல கெடக்கிறது எங்களுக்கே பத்தாது,” என்றார். “வேலியோரம் இருக்கிற ரெண்டு வரிசைக்கு வேணா நான் தண்ணி விடுதேன். மிச்சத்துக்கு வழி இல்ல, தாயி. மழை பெஞ்சாத்தான்.”

மூடச் சொன்ன கிணறு. அதிலிருந்து இரண்டு வரிசைக்குத் தண்ணீர். மிச்ச மரமெல்லாம் நின்றபடியே சாகும். அருள்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு வில்சனை ஒரு முறை முறைத்தாள். அவளுக்கு யாரிடமும் பயமில்லை.

“இவ இந்தத் தோப்பைப் பிள்ளையா வளத்தா. இவளுக்குத் தெரியாததா இங்க இருக்கு?” என்றாள். “நீ எம்புட்டோ சொல்லியிருப்ப, செல்வி. இவிய எங்க காதுல வாங்கியிருக்கப் போறாவ! சொன்னியா இல்லையா? சொல்லு.”

அருள்செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் வில்சன் பேசிவிட்டார்.

“சொன்னா, அக்கா,” என்றார். “தலையால அடிச்சுக்கிட்டுச் சொன்னா. கட்டையாகும், கல்லு விழும், வேண்டாம்னா. நான்தான் கேக்கல.”

அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைத் துழாவினாள். அப்படி ஒன்றும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு நின்றார்.

வெள்ளத்தாயின் முறைப்பு இளகிவிட்டது. “அதான பாத்தேன்! ஆனாலும் ஏ செல்வி, ஆம்பளை தன் தப்பை இப்படி நாலு பேருக்கு முன்னால ஒத்துக்கிடுததுக்கு எம்புட்டுப் பெரிய மனசு வேணும், பாத்துக்கோ. நீ குடுத்து வச்சவ.”

பொய் சொல்லுதாரு, நான் ஒரு வார்த்தை சொல்லல, என்று கத்த வேண்டும்போல இருந்தது. இருபது வருசமாக அந்த மனுசன் அளந்துவிட்ட பொய்யில் ஒன்றைக்கூட அவள் சும்மா விட்டதில்லை. சந்தியில் இழுத்துப் போட்டுத் தோலை உரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்கிறாள்.

“ஆமாக்கா,” என்றாள். சொல்லிவிட்டு, எந்த இரண்டு வரிசை என்று ஆண்டிச்சாமிக்குக் காட்ட வேலிப் பக்கம் நடந்தாள்.